அப்ரண்டிஸ் சேர்த்துவிடுவதாகச் சொல்லி 38,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள்: கோவைப்பக்கம் இருப்பவர்கள் உஷார்

ஐடிஐ முடித்த பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் இதைப் படியுங்கள். அப்ரண்டிஸில், அதாவது கம்பெனியில் வேலை பழகும் பயிற்சியில், எதையெல்லாம் பார்த்துச் சேர்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

மகன் ஐடிஐயில் டர்னர் (கடைசல் வேலை) முடித்தவன். கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி கடைசல் மெஷினில், வேலைக்குத் தகுந்தபடி மெஷினைத் தயார் செய்யும் செட்டிங் வரை கற்றுக்கொண்டால் கணபதி, சிங்காநல்லூர், குறிச்சி என்று எந்தப் பக்கம் போனாலும் பிழைத்துக்கொள்ளலாம். தறி ஓட்டுகிற எனக்கே அது தெரியும். காந்திபுரம் பக்கம் மாடியில் ஒரு பயிற்சி மையம், 'மத்திய அரசு அப்ரண்டிஸ், மாதாமாதம் உதவித்தொகை, முடிவில் தேசியச் சான்றிதழ்' என்று போர்டு வைத்திருந்தது.

உள்ளே இருந்தவர் பேச்சே நம்ம ஊர்ப் பேச்சு. சோமனூர் என்றதும், "அட, எங்க சின்னம்மா ஊருங்க" என்றார். அதைக்கூட விடுங்கள். மேசை டிராயரிலிருந்து அளவு பார்க்கும் வெர்னியர் ஒன்றையும் குழாய்த்துண்டு மாதிரிப் பித்தளை புஷ் ஒன்றையும் எடுத்து மகன் கையில் கொடுத்து, "அளந்து சொல்லு கண்ணு" என்றார். அவன் வெளிவிட்டம், உள்விட்டம் இரண்டையும் சொன்னான். அவர் என் பக்கம் திரும்பி, "பையனுக்குக் கை சுத்தமுங்க. ஒரே வருசம், செட்டராக்கி உங்க கையில குடுக்கறனுங்க" என்றார். பெற்றவனுக்கு வேறென்ன வேண்டும்? அன்றைக்கே 38,500 ரூபாய் கட்டினேன். ஜிபே வேண்டாம், ரொக்கம்தான் என்றார்கள். பதிவு, சீருடை, காப்பீடு என்று ரசீதில் பிரித்துப் போட்டிருந்தார்கள்.

அனுப்பிய இடம் மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்துகொடுக்கும் ஒரு ஜாப் ஆர்டர் பட்டறை. மெஷின் பக்கமே விடவில்லை. வால்வு பாடியில் பிசிறு எடுப்பது, டிரே தூக்குவது, சாயங்காலம் மெஷினில் சீவி விழுந்த உலோகச் சிப்ஸை அள்ளுவது. 12 மணி நேர ஷிப்ட். மாதம் முடிந்தும் உதவித்தொகை வரவில்லை. பட்டறைக்காரரிடம் கேட்டால், "அப்ரண்டிஸா? ஹெல்ப்பர் சப்ளைன்னுதானுங்க சொன்னாங்க. பையனுக்கு உண்டான காசை அவங்ககிட்டவே குடுத்தாச்சே" என்கிறார். அதாவது என்னிடம் 38,500, போதாததற்கு அவன் உழைத்த கூலியும்!

மையத்துக்குப் போன் செய்தால், "போர்ட்டல் வேலை செய்யலைங்க" என்றார்கள். அப்புறம் மேடம் லீவு. அப்புறம், "ஆடி போகட்டுங்க, ஆவணியில போட்டுவிட்டர்றோம்." அரசு உதவித்தொகைக்கு ஆடி என்ன, ஆவணி என்ன? நேரில் போனால் சின்னம்மா ஊர்க்காரர் இல்லவே இல்லை. வரவேற்பில் இருந்த பிள்ளை ரசீதைத் திருப்பிப் பொடி எழுத்தைக் காட்டியது: கட்டிய பணம் திருப்பித் தரப்பட மாட்டாது. அதற்கும் சம்பள பாக்கியோ என்னவோ, முகத்தைப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது.

அரசு ஐடிஐயில் விசாரித்தேன். 1961-ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டப்படி, வேலை கற்றுக்கொடுக்கும் கம்பெனிதான் பையனுக்குப் பணம் தர வேண்டும். ஐடிஐ முடித்தவனுக்கு 2019-ல் வைத்த குறைந்தபட்சமே மாதம் 7,000 ரூபாய். கம்பெனியோடு போடும் ஒப்பந்தம் அரசு போர்ட்டலில் பதிவாக வேண்டும். மகன் பெயரில் அங்கே ஒன்றுமே இல்லை. சான்றிதழும் தேர்வெழுதிப் பாஸானால்தான், எந்த மாடி ஆபீஸும் அச்சடித்துத் தர முடியாது. 38,500 ரூபாய், தறியில் எத்தனை ராத்திரி நின்ற காசு!

விவரமாக எழுத இப்போது மனசில்லை. அப்ரண்டிஸுக்குப் பணம் கேட்டாலே எழுந்து வந்துவிடுங்கள். ஒப்பந்தம் போர்ட்டலில் ஏறியதைக் கண்ணால் பார்க்காமல் பிள்ளையை அனுப்பாதீர்கள். சேர்க்க வேண்டுமென்றால் அரசு ஐடிஐயில் நடத்தும் தொழிற்பழகுநர் முகாமில் கேளுங்கள், அங்கே காசில்லை. ஏற்கனவே இப்படிக் கட்டி மாட்டியவர்கள் ரசீதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். திங்கட்கிழமை போலீசுக்குப் போகிறேன், சேர்ந்தே புகார் கொடுப்போம்.