“101 பொருள்கள்” தூண்டில் பெட்டி: வாங்கிப் பட்ட கதை

தப்பில் பாதி என்னுடையதுதான், அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். முதுகுப்பையில் அடங்குகிற மாதிரி சின்னதாக ஒரு தூண்டில் செட் தேடிக்கொண்டிருந்தேன். “ஒரே பெட்டியில் 101 பொருள்கள், எடை 600 கிராம், 99% கார்பன் கோல்” என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டேன். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே வந்து சேர்ந்தது. போகிற அன்று பிரித்துக்கொள்ளலாம் என்று ஒட்டுநாடாவைக்கூடக் கிழிக்காமல் அலமாரியில் வைத்தேன். திருப்பி அனுப்ப 10 நாள்தான் அவகாசம் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

ஏரிக்கரையில் கூடாரம் அடித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தோம். உள்ளே ரப்பர் புழுக்கள் இளகி, பெட்டியின் தட்டோடு ஒட்டிப் பிசுபிசுத்துக் கிடந்தன. அந்த ரப்பரை மென்மையாக்கக் கலக்கும் எண்ணெய் சில வகைப் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் அவற்றைத் தனிப் பையில் போட்டு விற்பார்கள். கோலை இழுத்து நீட்டி வீசினால், மூன்றாவது வீச்சில் நுனி வளையத்துக்குள் இருந்த பீங்கான் வளையம் கழன்று தண்ணீருக்குள் போய்விட்டது. தூண்டில் நரம்பு தேயாமல் வழுக்கி ஓடுவதற்காக வைப்பது அது. போனது போகட்டும், வந்ததற்கு நாலு வீச்சாவது வீசலாம் என்று தொடர்ந்தேன்.

சாயங்காலம் நல்ல மீன் ஒன்று கடித்தது. நடந்ததைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் முக்கியமான மோசடி இங்கேதான். நரம்பைச் சுற்றிவைக்கும் ரீலில் டிராக் என்று ஒரு திருகு இருக்கும். மீன் பலமாக இழுத்தால், அறுவதற்குள் நரம்பை விட்டுக்கொடுப்பது அதன் வேலை. நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இழுவை வந்ததும் ரீல் நரம்பை விடும்படி அதை வைப்பது வழக்கம். சுருளில் “10 கிலோ” என்று இருந்தது. நானும் அதை நம்பி, சுமார் 3 கிலோ இழுவைக்கு வைத்திருந்தேன். மீன் ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. ரீல் அசையவே இல்லை, நரம்புதான் பட்டென்று அறுந்தது. வாயில் முள்ளோடு போய்விட்டது அந்த மீன். காசு போனதைவிட எனக்கு உறுத்துவது அதுதான்.

நுனி வளையம் அறுத்திருக்கலாமே என்று எனக்கே சந்தேகம். அதனால் வீட்டுக்கு வந்ததும், வளையத்தில் உரசாத நரம்பைச் சுருளின் அடியிலிருந்து எடுத்து, முடிச்சை எச்சிலால் நனைத்து இறுக்கி, ஒரு வாளியைத் தொங்கவிட்டேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. வாளி அரைக் கிலோ. மூன்றாவது லிட்டரை ஊற்றி முடிப்பதற்குள் அறுந்தது. மூன்று முறை செய்தும் அதே கதை. முடிச்சு போட்டால் பலம் கொஞ்சம் குறையும்தான், ஆனால் 10 கிலோ 3 கிலோவாக ஆகாது. பிறகு பென்சிலில் 20 சுற்று நெருக்கமாகச் சுற்றி அளந்தேன்: 4 மில்லிமீட்டர். அதாவது 0.20 மில்லிமீட்டர் என்று போட்டிருந்த தடிமன் உண்மை. அந்தத் தடிமனில் நைலான் சுமார் 3 கிலோதான் தாங்கும். அதே தடிமனில், பல இழைகளைப் பின்னிச் செய்த பின்னல் நரம்பு 10 கிலோ தாங்கும். பின்னலுக்கான எண்ணை நைலான் சுருளில் ஒட்டியிருக்கிறார்கள் என்பது என் ஊகம்.

அந்த 101ஐயும் எண்ணிப் பார்த்தேன். ஈயக்குண்டு 40, முள் 25, பிளாஸ்டிக் மணி 12, சுவிவல் (நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் இணைப்பு) 10, புழு 7, தக்கை 2, பிறகு கோல், ரீல், நரம்பு, குறடு. பெட்டியையும் ஒன்றாகச் சேர்த்தால்தான் 101 வருகிறது! தராசில் வைத்தால் 940 கிராம். முள்ளைக் கட்டைவிரல் நகத்தில் லேசாக இழுத்தேன். கூர் இருந்தால் நகத்தில் பிடிக்கும், இவற்றில் பாதிக்குமேல் வழுக்கிக்கொண்டு போயின. கோலின் ஒரு பகுதி விரிசல் விட்ட இடத்தில் வெள்ளை இழைகள் தெரிந்தன. கார்பன் கறுப்பாக இருக்கும். இது கறுப்புச் சாயம் பூசிய கண்ணாடி இழை.

விற்றவருக்கு எழுதினேன். “முடிச்சு சரியாகப் போடவில்லை” என்று முதல் பதில். வாளி வீடியோவை அனுப்பினேன். “பயன்படுத்திய பொருள், இயல்பான தேய்மானம்” என்றார். நான் பொருளின் கீழ் விமர்சனம் எழுதிய பிறகுதான் குரல் மாறியது. அதை நீக்கினால் பாதிப் பணம் தருவாராம். நீக்கவில்லை, பணமும் வரவில்லை.

நீங்கள் ஏற்கெனவே இப்படி ஒன்றை வாங்கியிருந்தால், வந்த அன்றே பிரித்து வாளிச் சோதனையைச் செய்துவிடுங்கள். வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பீங்கான் வளையங்களை விரலால் அழுத்திப் பாருங்கள். இதெல்லாம் அரை மணி நேர வேலை.

இப்போது நான் தனித்தனியாக வாங்கிச் சேர்த்துவிட்டேன். நான்கு துண்டாகக் கழலும் கோல், 2000 அளவு என்கிற சின்ன ரீல், இரண்டு அளவில் பதினைந்து முள் (எண் ஏற ஏற முள் சிறுக்கும், 10ஆம் எண் 4ஆம் எண்ணைவிடச் சின்னது), பத்துக் குண்டு, ஆறு சுவிவல், இரண்டு தக்கை. குறடுக்குப் பதில் ஒரு நகவெட்டி, நரம்பை ஒட்ட நறுக்க அது போதும். கோலும் ரீலும் போக மற்றதெல்லாம் உள்ளங்கை அகலப் பெட்டியில் அடங்கிவிடுகிறது. திரும்பி வந்ததும் பெட்டியைத் திறந்துபோட்டுக் காயவைப்பேன். ஒரு ஈர முள் போதும், மிச்சமெல்லாம் துருப்பிடித்துவிடும்.

போன வாரம் தேடியபோது அதே பெட்டி வேறு பெயரில் விற்பனைக்கு வந்திருந்தது. படம் அதே படம், நரம்பும் அதே “0.20, 10 கிலோ”. பொருள்களின் எண்ணிக்கை மட்டும் 151 ஆகியிருக்கிறது.