பிராக்ல எந்த வாக்கிங் டூர்: ஃப்ரீயா, காசு கட்டியா, ஆடியோ கைடா?

செக் நாட்டுத் தலைநகர் பிராக்ல ரெண்டு மூணு நாள் இருக்கப்போறீங்கன்னா ஒரே ஒரு டூரை புக் பண்ணி முழு ஊரையும் முடிச்சிடலாம்னு நினைக்காதீங்க. ஓல்ட் டவுன், கோட்டை, யோசெஃபோவ்ங்கற யூதர் பகுதி, இந்த மூணும் மூணு விதம். ஒரே மாதிரி டூர் மூணுக்கும் சரிப்பட்டு வராது.

ஓல்ட் டவுனுக்கு ஃப்ரீ டூரே தாராளமா போதும். ஸ்கொயர் பக்கம் கைடுங்க கலர் குடை புடிச்சிட்டு நிப்பாங்க. பேருதான் ஃப்ரீ, கடைசில குடுக்கற டிப்ஸ்தான் அந்த கைடோட சம்பளமே, பல இடத்துல வர்ற ஆள் கணக்குக்கு கைடே கம்பெனிக்கு ஒரு தொகை கட்டணும், அதனால டூர் முடியற நேரம் பாத்து நைசா நழுவறது ரொம்ப தப்பு. கொருனாவா மாத்தி வெச்சுக்கோங்க, செக் நாட்டோட கரன்சி யூரோ இல்ல. டிப்ஸ நம்பி பேசறவங்கங்கறதால இவங்கள்ல நிறைய பேர் கதை சொல்றதுல கில்லாடிங்க, ஓல்ட் டவுன்ல பாக்க வேண்டியதும் பெரும்பாலும் தெருவுலயே இருக்கு. 1410ல செஞ்ச வானியல் கடிகாரத்துல மணிக்கு ஒருதடவ எலும்புக்கூடு மணி அடிக்கும், மேல ஜன்னல்ல அப்போஸ்தலர் பொம்மைங்க வரிசையா வரும், கீழ எல்லாரும் மொபைல தூக்கிட்டு நிப்பாங்க. அந்த கடிகாரம் இருக்கற டவுன் ஹாலை ஒட்டி தரைக்கல்லுல 27 வெள்ளை சிலுவை பதிச்சிருக்கு. ஹாப்ஸ்பர்க் ராஜ வம்சத்தோட ஆட்சிய எதிர்த்து நின்னாங்கன்னு 1621 ஜூன் 21ம் தேதி அந்த ஸ்கொயர்ல கொன்ன 27 பேருக்காக வெச்சது. யாராவது கைய நீட்டி காட்டலன்னா மிதிச்சிட்டே போயிடுவோம், கைடுன்னு ஒருத்தர் வேணுங்கறது இதுக்குத்தான். குறைன்னு பாத்தா கூட்டம். சீசன்ல பின்னாடி நின்னா ஒண்ணும் காதுல விழாது, காலைல முதல் டூர்ல போயிடுங்க.

கோட்டைக்கு நான் ஆடியோ கைடு பக்கம். கூட்டமா போனா ஒருத்தர் லேட் பண்ணினாலும் எல்லாரும் நிக்கணும். முற்றங்களுக்கு டிக்கெட் வேண்டாம், அதனால ஃப்ரீ டூர்ல அதுவரைக்கும் கூட்டிட்டு போய் வெளிய நின்னே செயின்ட் வைட்டஸ் கதைய சொல்லி முடிச்சிடுவாங்க. 1344ல ஆரம்பிச்சு 1929ல கட்டி முடிச்ச தேவாலயம் அது, உள்ள செக் ஓவியர் அல்ஃபோன்ஸ் முகா டிசைன் பண்ணின கலர் கண்ணாடி ஜன்னல் மேல வெயில் படறப்போ எவ்வளவு நேரம் நிக்கணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும், குடை புடிச்சவர் இல்ல. 22ம் நம்பர் டிராம்ல மேல ஏறிட்டு சார்லஸ் பாலம் வழியா இறங்கி வாங்க, முட்டி தப்பிக்கும்.

யோசெஃபோவுக்கு மட்டும் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம். இங்க இருக்கற கல்லறைத் தோட்டம், சினகாக்னு (யூதர் ஜெபக்கூடம்) எல்லாம் சேர்ந்ததுதான் யூத மியூசியம், அதோட டிக்கெட்டையும் சேர்த்து, உள்ள வரைக்கும் கூட்டிட்டு போற சின்ன குரூப் டூர் எடுங்க. ஃப்ரீ டூர்ல இந்த பகுதிய வெளிச்சுவரோட காட்டி முடிச்சிடறது சகஜம், ஆனா இங்க விஷயமே சுவருக்கு உள்ளதான். பழைய கல்லறைத் தோட்டத்துல இடம் பத்தாம மண்ணு கொட்டி கொட்டி அடுக்கடுக்கா புதைச்சிருக்காங்க, சுமார் 12,000 கல்லு ஒண்ணுமேல ஒண்ணு சாஞ்சு நிக்கும். பிங்காஸ் சினகாக்ல நாஜிகள் கொன்ன பொஹீமியா, மொராவியா (இன்னிக்கு செக் நாட்டுப் பகுதிங்க) யூதர்கள் கிட்டத்தட்ட 78,000 பேரோட பேரு சுவர் முழுக்க கையால எழுதியிருக்கு, சிவப்புலயும் கருப்புலயும் பொடி எழுத்துல, தரையிலேர்ந்து தலைக்கு மேல வரைக்கும். ஒரு குடும்பப் பேருக்குக் கீழ அப்பா, அம்மா, பசங்கன்னு பிறந்த தேதியோட வரிசையா படிச்சிட்டே வந்தா அடுத்த சுவருக்கு நகர முடியாது. மாடியில நாஜிகளோட தெரெசின் முகாம்ல அடைபட்டிருந்த குழந்தைங்க வரைஞ்ச படங்கள். நல்ல கைடு சொல்ல வேண்டியதெல்லாம் வாசல்லயே சொல்லிட்டு உள்ள நம்மள தனியா விட்டுடுவாங்க. முப்பது பேரை ஓட்டிட்டு வர்ற டூர்ல இந்த மரியாதைய எதிர்பார்க்கவே முடியாது. சனிக்கிழமையும் யூத பண்டிகை நாள்லயும் மியூசியம் லீவு, ட்ரிப் வார இறுதின்னா இத முதல்ல பாத்துட்டு மத்தத பிளான் பண்ணுங்க.

கம்யூனிஸ்ட் கால டூர்னு தனியா இருக்கு, சோவியத் படையெடுப்புக்கு அப்புறம் எதிர்ப்பு காட்டி 1969ல யான் பலாக்ங்கற மாணவர் தீக்குளிச்ச வென்ஸஸ்லாஸ் ஸ்கொயர், கம்யூனிஸ்ட் ஆட்சிய முடிவுக்கு கொண்டுவந்த 1989 நவம்பர் 17 போராட்டம் நடந்த நரோத்னி தெருன்னு போவாங்க. அந்தக் காலத்துல வாழ்ந்த வயசான கைடு கிடைச்சா எடுங்க, இல்லன்னா விட்டுடலாம்.

பிரைவேட் கைடு காஸ்ட்லிதான், ஆனா ரேட் பெரும்பாலும் ஆள் கணக்குல இல்ல, மணி கணக்குல. வயசான அம்மா அப்பாவோட நாலஞ்சு பேரா போறவங்க ஒருதடவ கணக்கு போட்டு பாருங்க, சின்ன குரூப் டூரோட பெரிய வித்தியாசம் இல்லாம கூட வரலாம், அந்த கருங்கல் பதிச்ச தெருவுல அவங்க வேகத்துக்கு நடந்து, வேணுங்கற இடத்துல உக்காந்து போகலாம். எந்த டூரா இருந்தாலும் காசு கட்டறதுக்கு முன்னாடி உள்ள கூட்டிட்டு போவாங்களா, டிக்கெட் ரேட்ல சேர்த்தியா, குரூப்ல அதிகபட்சம் எத்தனை பேருன்னு மெசேஜ் போட்டு கேட்டுடுங்க.