தாத்தா பெயரில் இருந்த மின் இணைப்பு

சிங்கப்பூரில் பள்ளிகளுக்கு ஜூன் விடுமுறை தொடங்கியதும் பிள்ளைகளோடு திருச்சிக்கு விமானம் ஏறிய நான், குலதெய்வக் கோயில், கல்யாண வீடுகள் எல்லாவற்றுக்கும் முன்னதாக இம்முறை ஒரு வேலையை முடிக்க வேண்டும் என்று உறுதியாக இருந்தேன். முசிறிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில், தம்பியும் நானும் சேர்ந்து ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தைப் பதிவு செய்வதுதான் அந்த வேலை. தொட்டியம், முசிறிப் பக்கத்துக் கற்பூரவல்லிப் பழத்தை உலர்த்திப் பொட்டலமிட்டு விற்கும் தொழிலைத் தம்பி மூன்று ஆண்டுகளாகத் தன் பெயரிலேயே நடத்தி வருகிறான். சிங்கப்பூரில் சரக்கு வாங்க முன்வந்த கடைக்காரர்கள் நிறுவனத்தின் பெயரில் பில் கேட்டதால்தான் இந்த முடிவுக்கு வந்தோம்.

நாங்கள் லிமிடெட் என்று சொன்னதும் அப்பாவுக்கு முதலில் பயமாக இருந்தது. கடன் வந்தால் வீடு போய்விடுமா என்றுதான் கேட்டார். நாம் வாங்கும் பங்கின் மதிப்போடு நம் பொறுப்பு நின்றுவிடும், வீட்டையோ நிலத்தையோ நாமாக ஈடு வைக்காதவரை அவற்றைத் தொட முடியாது, அதற்காகத்தான் அந்தச் சொல்லே நிறுவனத்தின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தம்பி விளக்கியபோது அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன்.

சிங்கப்பூரில் என் தோழி ஒருத்தி போன ஆண்டு நிறுவனம் பதிவு செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். பெயரை ஒதுக்க 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பதிவுக்கு 300 வெள்ளி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கணினி முன் அமர்ந்தவள் மாலைத் தேநீருக்குள் முடித்துவிட்டாள். இந்தியாவிலும் இப்போது எல்லாமே இணையவழி என்பதால் அதே வேகத்தை எதிர்பார்த்தேன். அந்த எதிர்பார்ப்பு முழுவதும் தவறு என்று சொல்ல மாட்டேன். இணையத்தில் நடக்க வேண்டியது இணையத்தில் விரைவாகவே நடந்தது. டிஜிட்டல் கையொப்பம் இரண்டே நாளில் கைக்கு வந்தது. குறைந்தபட்ச மூலதனம் என்ற நிபந்தனை 2015இலேயே நீக்கப்பட்டுவிட்டது. அங்கீகரிக்கப்பட்ட மூலதனம், அதாவது நிறுவனம் வெளியிடக்கூடிய பங்குகளின் உச்ச மதிப்பு, 15 லட்சம் ரூபாய் வரை என்றால் பதிவுக் கட்டணம் கிடையாது, முத்திரைத் தீர்வை உண்டு. இயக்குநர்களில் ஒருவராவது நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்திருக்க வேண்டும் என்ற விதிக்குத் தம்பி இருக்கிறான். நான் போடும் பணத்தைத் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லாத முறையில் முதலீடு செய்வதால், அது உள்நாட்டு முதலீடாகவே கொள்ளப்படும் என்பதையும் ஆடிட்டர் சார் எடுத்துச் சொன்னார். கொடுத்த இரண்டு பெயர்களில் முதல் பெயரே ஜூன் 3ஆம் தேதி ஒப்புதலாகிவிட்டது.

எங்களை நிறுத்தியது நிறுவனத்தின் முகவரிக்கான சான்று.

பதிவு அலுவலகம் என்று ஒரு முகவரியைக் காட்ட வேண்டும். அந்த இடத்தின் உரிமையாளர் தடையில்லாச் சான்று தர வேண்டும். அதோடு அவர் பெயரில் அந்த முகவரிக்கு வந்த மின்சாரம், தொலைபேசி, எரிவாயு போன்ற ஏதாவதொரு சேவையின் கட்டணப் பட்டியல் (பில்), இரண்டு மாதத்துக்கு மேல் பழையதாக இல்லாமல், இணைக்கப்பட வேண்டும். ஏப்ரல் மாதமே நான் சிங்கப்பூரிலிருந்து, திருச்சியில் பதிவு வேலைகளை எடுத்துச் செய்யும் ஓர் அலுவலகத்துக்கு எங்கள் வீட்டு மின் கட்டணப் பட்டியலைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். "கரண்ட் பில் இருக்குல்ல மேடம், போதும்" என்று பதில் வந்தது. முன்பணமும் கட்டினேன். பெயர் ஒப்புதலான மறுநாள்தான் அங்கிருந்து தொலைபேசி வந்தது. பட்டியலில் இருக்கும் பெயர் யாருடையது என்று கேட்டார்கள்.

அது என் தாத்தாவின் பெயர். அவர் 1998இல் இறந்துவிட்டார்.

இரண்டு மாதமாகக் கையில் வைத்திருந்த பட்டியலில் ஒரு பெயரைப் படிக்க முடியாதவர்களிடம் முன்பணம் கட்டியதை நினைக்கும்போது இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. அன்றே அந்த அலுவலகத்தை விட்டுவிட்டு, அப்பாவின் வருமான வரிக் கணக்கைப் பார்க்கும் குளித்தலை ஆடிட்டர் சாரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வியே, "வீடு யார் பேர்ல இருக்கு, கரண்டு யார் பேர்ல இருக்கு?" என்பதுதான்.

கிராமத்து வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பே இருக்காது. ஊராட்சி வீட்டு வரி ரசீது அப்பா பெயருக்கு எப்போதோ மாறிவிட்டது. எரிவாயு இணைப்பு அம்மா பெயரில் இருக்கிறது. அப்பா பெயரில் இருந்த தரைவழித் தொலைபேசி ஒன்றே இப்போது உதவியிருக்கும். அதையும் 2016இல், யாரும் பேசுவதில்லை என்று நான்தான் வற்புறுத்தி ஒப்படைக்க வைத்தேன். மின் இணைப்பை மட்டும் யாரும் தொடவில்லை. பணம் கட்டினால் விளக்கு எரிகிறது, பிறகு எதற்கு மாற்ற வேண்டும் என்று இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டது. 2022 இறுதியில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோதுகூட, தம்பி ஆதாரை இணைத்தானே தவிர பெயரைப் பற்றி யோசிக்கவில்லை.

மீட்டர் பெட்டிக்குப் பின்னால், ஆணியில் மாட்டிய பிளாஸ்டிக் உறையில், அந்தப் பழைய வெள்ளை அட்டை இன்னும் இருந்தது. சிறுமியாக இருந்தபோது கணக்கெடுக்க வருபவர் படிக்கட்டில் நின்று கூப்பிட்டதும், அதை எடுத்து ஓடிக் கொடுப்பது என் வேலை. எடுத்துப் பார்த்தேன். நீல மையில் வரிசையாகத் தேதி, அளவு, தொகை, சுருக்கெழுத்துக் கையொப்பம். மேல் மூலையில் ஆணித் துளையைச் சுற்றித் துரு படிந்திருந்தது. ஓரத்தில் அப்பாயியின் மஞ்சள் விரல் தடம். தலைப்பில் தாத்தாவின் பெயர், தகப்பனார் பெயரோடு, முழுதாக எழுதப்பட்டிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பெயர் மாற்றத்துக்குத் தாத்தாவின் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வேண்டியிருந்தன. தாத்தா இறந்த ஆண்டிலேயே வங்கிக் கணக்குக்காக வாங்கிய வாரிசுச் சான்றிதழை அம்மா டிரங்குப் பெட்டியில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்ததால் நாங்கள் தப்பித்தோம். அது இல்லாதிருந்தால் என் விடுமுறைக்குள் எதுவும் நடந்திருக்காது. அதில் மூன்று பெயர்கள்: அப்பா, சித்தப்பா, அத்தை. மற்ற இருவரும் அப்பா பெயருக்கு மாற்றுவதில் ஆட்சேபனை இல்லை என்று எழுதித் தர வேண்டும்.

சித்தப்பா வீட்டுக்குப் போய் இதைக் கேட்பதற்குத்தான் எனக்கு அதிகத் தயக்கமாக இருந்தது. தோப்பு விஷயமாக அப்பாவுக்கும் அவருக்கும் பேச்சு வார்த்தை நின்று ஏழெட்டு ஆண்டுகள் ஆகின்றன. நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே அவர் பேனாவைக் கேட்டார். "ஏம்மா, கரண்டு கார்டுக்கா இவ்வளவு யோசிச்ச? அண்ணன்கிட்ட சொல்லு, அடுத்த வாரம் வீட்டுக்கு வரேன்" என்றார். அத்தை துறையூரிலிருந்து பேருந்து பிடித்து நேரில் வந்தே கையெழுத்துப் போட்டார். சிங்கப்பூரில் என் முகவரிச் சான்றை நான் ஒருத்தியாகவே எடுத்துவிடுவேன், அதற்கு யார் வீட்டுப் படியும் ஏற வேண்டியதில்லை. அந்த வசதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு கையெழுத்துகளுக்காக நடந்த இரண்டு நாட்களை நான் வீண் என்று எழுதவும் மாட்டேன்.

ஜூன் 5ஆம் தேதி விண்ணப்பித்தோம், 12ஆம் தேதி பெயர் மாறிவிட்டது. ஒரு வாரத்தில் முடிந்ததை எங்கள் தெருவில் யாரும் நம்பவில்லை. ஆனால் அதற்குள் வேறொரு முடிச்சு விழுந்திருந்தது.

தமிழ்நாட்டில் வீட்டு மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் எடுக்கப்படுகிறது. நிறுவனப் பதிவு விதியும் இரண்டு மாதத்துக்குள் வந்த பட்டியலைத்தான் கேட்கிறது. எங்கள் கடைசிப் பட்டியலின் தேதி ஏப்ரல் 9. பெயர் மாறிய ஜூன் 12 அன்று அதற்கு இரண்டு மாதமும் மூன்று நாளும் ஆகியிருந்தது. ஜூன் 8 வாக்கில் வந்திருக்க வேண்டிய அடுத்த கணக்கெடுப்போ, வழக்கமாக வருபவர் விடுப்பில் இருந்ததால் தள்ளிப்போயிருந்தது. ஒப்புதலான நிறுவனப் பெயர் 20 நாளுக்குத்தான் நமக்காக ஒதுக்கி வைக்கப்படும், அதாவது ஜூன் 23 வரை. சிங்கப்பூரில் ஒதுக்கிய பெயர் 120 நாள் இருக்கும் என்பதை நினைத்தபோது, இங்கே ஏன் இவ்வளவு நெருக்குகிறார்கள் என்று ஆற்றாமையாக இருந்தது. 1000 ரூபாய் கட்டினால் இன்னும் 20 நாள் நீட்டிக்கலாம் என்றார் ஆடிட்டர். தபால் தொடர்புக்கு மட்டும் ஒரு முகவரியைக் கொடுத்துவிட்டு, பதிவான பிறகு 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்தைத் தெரிவிக்கவும் வழி இருக்கிறது. ஆனால் அப்போதும் இதே பட்டியல்தான் வேண்டும். என் விமானமோ 21ஆம் தேதி. நான் ஊரில் இருக்கும்போதே எல்லாக் கையெழுத்தும் முடிந்துவிட்டால், சிங்கப்பூரில் நோட்டரி, அப்போஸ்டில் (வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான சான்று) என்று ஆவணங்களைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்பதே எங்கள் கணக்கு.

நான்கு நாள் காலையில் மின் அலுவலகத்துக்குப் போய் நின்றேன். பதினான்கு ஆண்டுகள் வெளியூரில் வாழ்ந்ததில், ஒரு வேலை எந்தத் தேதியில் நடக்கும் என்று யாராவது எழுத்தில் சொல்லிவிடுவார்கள் என்பதற்கு நான் பழகிவிட்டேன். இங்கே "வந்துடுவாரும்மா" என்ற பதிலில் எந்த நாளும் இல்லை. அதே சமயம், மூன்றாம் நாள் என்னை அடையாளம் கண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, எங்கள் தெருவை முதலில் எடுக்கச் சொல்லிக் குறித்துக்கொண்ட அம்மாவும் அதே அலுவலகத்தில்தான் இருந்தார். எனக்கு வேண்டியிருந்தது உதவியல்ல, ஒரு தேதி மட்டுமே. அது வெளியே ஒரு தாளில் ஒட்டப்பட்டிருந்தால் அந்த அம்மாவும் தன் வேலையைப் பார்த்திருப்பார், நானும் பிள்ளைகளோடு காவிரிக்குப் போயிருப்பேன்.

ஜூன் 16 காலை பத்தரை மணிக்குக் கணக்கெடுப்பவர் வந்தார். இருசக்கர வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தி, மீட்டரின் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்து, அளவைக் கைப்பேசியில் ஏற்றினார். அம்மா மோர் கொடுத்தார். நான் பழக்க தோஷத்தில் வெள்ளை அட்டையை நீட்டினேன். "இப்ப யாரும்மா இதுல எழுதறாங்க" என்று சிரித்தவர், நான் நீட்டிய கையை எடுக்காததைப் பார்த்து, வாங்கி, கடைசி வரிக்குக் கீழே அன்றைய அளவை எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். அன்று மாலையே அப்பாவின் பெயரில் பட்டியல் வந்துவிட்டது. தடையில்லாச் சான்றில் அப்பா கையெழுத்திட்டபோது சித்தப்பாவும் வந்து உட்கார்ந்திருந்தார். 18ஆம் தேதி விண்ணப்பம் போனது.

ஊருக்கு வந்து நிறுவனம் பதிவு செய்ய நினைப்பவர்கள், பெயருக்கு விண்ணப்பிக்கும் முன்பே வீட்டில் இருப்பவர்களிடம் மின் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது, அடுத்த கணக்கெடுப்பு எப்போது என்ற இரண்டையும் கேட்டுவிடுங்கள். பட்டியல் வந்த அதே வாரத்தில் பெயருக்கு விண்ணப்பித்தால் நாங்கள் பட்ட பாடு உங்களுக்கு இருக்காது. பதிவு வேலையை எடுத்துச் செய்பவர், வீடு யார் பெயரில் என்று முதலில் கேட்கவில்லையென்றால் அவரிடம் பணம் கட்டாதீர்கள்.

பதிவுச் சான்றிதழ், நிறுவனத்தின் வருமான வரிக்கான பான், வரிப் பிடித்தத்துக்கான டான் எண்களோடு, நான் சிங்கப்பூர் திரும்பிய பிறகு 26ஆம் தேதி வந்தது. முதல் தணிக்கையாளரை 30 நாளுக்குள் நியமிக்க வேண்டும், பங்குப் பணம் கட்டியதை 180 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். அவற்றைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். பதிவு அலுவலகத்துக்கு வெளியே நிறுவனத்தின் பெயரும் முகவரியும் எழுதியிருக்க வேண்டும், அது அந்த வட்டார மொழியிலும் இருக்க வேண்டும் என்பதும் நிறுவனச் சட்டத்தில் இருக்கிறது. நேற்று தம்பி படம் அனுப்பினான். திண்ணைத் தூணில், மீட்டர் பெட்டிக்கு மேலே, பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் எங்கள் நிறுவனத்தின் பெயர் தமிழில் இருந்தது. அதற்குக் கீழே ஆணியில் அந்த அட்டையை அம்மா திரும்பவும் மாட்டியிருக்கிறார்.