உவரி வள்ளத்துல தூண்டில் ட்ரிப்: நாலு பேருக்கு மேல ஏறாதீங்க

முதல்ல விஷயத்த சொல்லிருதேன். நாலு பேரு, அரை நாள், கைத்தூண்டில், பொங்கல் முடிஞ்சு சித்திரை பொறக்கறதுக்குள்ள ஒரு சனிக்கிழமை, இப்படி போனா குடுக்குற காசுக்கு தாராளமா தகும். ஆறு பேரு, முழு நாள், ராட், ரீலுன்னு விளம்பரத்துல போட்டுருக்க மாதிரியே எடுத்தீங்கன்னா பாதி நேரம் தூண்டில் நரம்புச் சிக்கு எடுக்கவே சரியாப் போயிரும், மீதி நேரம் வெயில்ல காயணும். ரெண்டு மாதிரியும் போய் பாத்துட்டுத்தான் சொல்லுதேன்.

நாங்க பாளையங்கோட்டை பயலுவ. ஆத்துலயும் குளத்துலயும் கெண்டை, ஜிலேபி, விரால்னு பிடிச்சு பழக்கம், கடல்ல தூண்டில் போட்டது கிடையாது. மெட்ராஸ், பெங்களூர்னு போன கூட்டாளிங்க லீவுக்கு வரும்போது எங்கயாச்சும் போவணும்ல, எத்தன தடவதான் குத்தாலத்துக்கே போறது. அப்பதான் ஒருத்தன் இன்ஸ்டாவுல பாத்து அனுப்புனான், உவரியிலேருந்து சின்ன குரூப்புக்கு கடல் தூண்டில் ட்ரிப். திருநெல்வேலியிலேருந்து நாங்குநேரி, திசையன்விளை வழியா 70 கிலோமீட்டர் பக்கம் வரும், காலைல மூணு மணிக்கு கிளம்புனா ரோடு காலியா கெடக்கும்.

புக்கிங் பண்றவன் வேற, வள்ளம் ஓட்டுறவர் வேற. இதுதான் இந்த சர்வீஸோட பெரிய கோளாறே. புக்கிங் பண்றவன் டவுன்ல உக்காந்து போட்டோ போடுதான், எல்லாம் ஆள் உயர பாறை மீனு, மயில்மீனு, தண்ணி கண்ணாடி மாதிரி பச்சையா கெடக்கு. அது நம்ம கடலே இல்ல வே, அந்தமானோ மாலத்தீவோ. கரையிலேருந்து ரெண்டு மூணு மைல்ல இங்க என்ன கிடைக்கும்னா விளமீன், செப்பிலி, களவா, கையளவு பாறை, சில நாள் ஊழி, கட்டா, யோகம் இருந்தா நெய்மீன். அதுவே நல்ல மீனுதான், குழம்பு வச்சா தெரியும். அத அப்படியே சொல்லி விக்கறதுக்கு என்ன வெக்கம்னு தெரியல.

ஒரு தடவ கள்ளக்கடல் எச்சரிக்கைன்னு வள்ளக்கார அண்ணாச்சியே முந்துன நாள் ராத்திரி போன் போட்டு வராதீங்கன்னுட்டாரு. ஹைதராபாத்ல இருக்க இன்காய்ஸ்ங்குற கடல் தகவல் மையத்துலேருந்து நம்ம கரைக்கு சேத்து எச்சரிக்கை வரும், காத்தே இல்லாம வெயிலா இருக்கும்போதே தூரத்துலேருந்து பெரிய பெரிய அலை வந்து அடிக்கும், அதனாலதான் அந்தப் பேரு. அவரு செஞ்சது சரி. ஆனா புக்கிங் பண்ணவன்ட்ட அட்வான்ஸ் கேட்டா திருப்பித் தர மாட்டோம், வேற தேதி எடுத்துக்கோங்கங்கான். பெங்களூர்லேருந்து லீவு போட்டு வந்தவனுக்கு வேற தேதி எங்க இருக்கு? அதுக்கப்புறம் நேரா அண்ணாச்சிட்டயே பேசி போறோம், விலையும் கம்மி, அரை நாளைக்கு நாலு பேருக்கு சேத்து 6,000, இரையும் மண்ணெண்ணெயும் அதுலயே அடக்கம். பேரு, நம்பர் கேக்காதீங்க, அவரு போட வேண்டாம்னுட்டாரு. ஊர்ல போய் கேட்டாலே ஆள் காட்டுவாவ.

ஞாயித்துக்கிழமை கேக்காதீங்க. இந்தக் கரை முழுக்க ஞாயிறு கோயில் நாள், கடலுக்கு இறங்க மாட்டாவ, எவ்வளவு குடுத்தாலும் சரி. செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலுக்கு கூட்டம் வரும், அன்னைக்கு வண்டி நிப்பாட்ட இடம் தேடணும். வேலைக்குப் போறவங்களுக்கு சனிக்கிழமைதான் வாய்ப்பு, அதனால சனிக்கிழமைக்கு அடிதடி.

மாசத்தப் பத்தி: ஜூன்லேருந்து செப்டம்பர் வர கச்சான் காத்து, கரண்ட் எடுக்குற காத்தாடிய எல்லாம் சுத்துற அதே காத்துதான், கடல் சும்மா கொதிச்சுட்டு கெடக்கும், கரையிலேருந்து இறங்குறதே பாடு. அக்டோபர், நவம்பர்ல மழை, ஒக்கி புயலுக்கு அப்புறம் அந்த மாசங்கள்ல யாரும் விளையாட்டுக்கு ஆள் ஏத்துறதில்ல. ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வர 61 நாள் தடைக்காலம்னு பயப்படாதீங்க, அது விசைப்படகுக்கு, நாட்டு வள்ளத்துக்கு இல்ல. கரைய ஒட்டுன தண்ணியில விசைப்படகு எப்பவுமே மீன் பிடிக்கக்கூடாதுன்னு சட்டம், நாட்டுப்படகுக்கு விட்ட தண்ணி அது, நாம சுத்துறதும் அதுக்குள்ளதான்.

இப்ப வள்ளம். பைபர் வள்ளம், பின்னாடி ஒரு அவுட்போர்டு இன்ஜின், நிழலுக்கு ஒண்ணுங் கிடையாது, சீட்டும் கிடையாது, பலகை மேல உக்காரணும். அண்ணாச்சி ஒருத்தர், கூட ஒரு பெரியவர், ஐஸ் பெட்டி, நங்கூரம், கயிறு இதெல்லாம் போக நாலு பேரு உக்காந்தா பக்கத்துக்கு ரெண்டு தூண்டில், அவ்வளவுதான் எடம். ஆறு பேரா போன அன்னைக்கு ஒருத்தன் நரம்பு இன்னொருத்தன் நரம்புல ஏறி, அத ஊழி ஒண்ணு சுத்தி, கடைசில கத்தி வச்சு அறுத்துதான் பிரிச்சோம். சின்ன குரூப்புன்னா நாலுதான் சின்னது, ஆறு கிடையாது.

இறங்குறது மணல் கரையிலேருந்து. முட்டு வர நனையும், சில நேரம் இடுப்பு வர. இந்தக் கரை ஊர்க்காரங்க வருசக்கணக்கா தூண்டில் வளைவு (அலையத் தடுக்க கடலுக்குள்ள கல்லு போட்டுக் கட்டுறது) கேட்டு ஏன் உண்ணாவிரதம் இருக்காவன்னு அந்த அலையில வள்ளத்த தள்ளும்போது தெரியும். போனை பிளாஸ்டிக் கவர்ல போட்டு கட்டிருங்க. ஜீன்ஸ் போட்டுட்டு வராதீங்க, டவுசரோ கைலியோ போதும்.

அஞ்சு மணிக்கு இறங்குனா விடியும்போது பாருக்கு மேல இருப்போம். பாருன்னா கடலுக்கடியில கெடக்குற பாறைத் திட்டு, மீனு அங்கதான் நிக்கும், நாலடி தள்ளி போட்டா வெறும் மணல், ஒண்ணும் கடிக்காது. அண்ணாச்சிட்ட ஜிபிஎஸ் இருக்கு, ஆனா பெரியவர் அத திரும்பிக்கூட பாக்கல. கோயில் கோபுரத்தையும் பின்னாடி ஒரு காத்தாடியையும் ஒரு நேருக்கு கொண்டு வாராரு, இந்தப் பக்கம் மகேந்திரகிரி மலையோட ஒரு சரிவ ஒரு பனைக் கூட்டத்துக்கு மேல ஏத்துதாரு, ரெண்டு கோடும் சந்திக்குற எடத்துல ‘போடுலே நங்கூரத்த’ங்காரு. ஜிபிஎஸ்ல பாத்தா அதே எடம். இந்த ஒரு வித்தைக்கே ஆளுக்கு 1,500 குடுக்கலாம், மீன் கிடைக்கலன்னாலும் பரவாயில்ல.

ஆழம் பத்து பாகம், 60 அடி பக்கம். கைத்தூண்டில்னா மரக்கட்டையில சுத்துன நரம்பு, அடியில ஈயம், மேல ரெண்டு முள்ளு. இரை கணவாய்த் துண்டு, இல்லாட்டி சாளை. கணவாயக் கேட்டு வாங்கிக்கோங்க, சாளை சீக்கிரம் நைஞ்சு போயிரும், சின்ன மீனு கொத்தியே காலி பண்ணிரும். ஈயம் தரையில தட்டுறது விரல்ல தெரியும், தட்டுன உடனே ஒரு முழம் தூக்கி வச்சுக்கணும், தூக்கலன்னா பாருக்குள்ள மாட்டிக்கும். விளமீன் படபடன்னு கொத்தும், செப்பிலி ஒரே இழு. களவா வேற மாதிரி, கடிச்ச உடனே வளைக்குள்ள போய் செவுள விரிச்சு உக்காந்துரும், முதல் ரெண்டு பாகம் யோசிக்காம இழுத்துரணும், ‘பெரிசா மாப்ள’ன்னு பக்கத்துல இருக்கவன்ட்ட கேட்டுட்டு இருந்தா அம்புட்டுதான். விரலுக்கு சைக்கிள் ட்யூப்ப வெட்டி மாட்டிக்க குடுத்தாரு, வேண்டாம்னு சொன்ன எங்க ஆளு ஒருத்தனுக்கு சுண்டு விரல் கீறி ரத்தம்.

ராட் வேணும்னா தனியா 500 வாங்குதாவ, வேண்டாம். வளையம் எல்லாம் துருப்பிடிச்சு, ஒரு ரீல் சுத்தவே இல்ல. உப்புத்தண்ணியில போயிட்டு வந்தா நல்ல தண்ணியில அலசி வைக்கணும், அத யாரும் செய்யறதில்ல போல. சொந்த ராட் வச்சிருக்கவங்க கொண்டு போங்க, வள்ளம் ஓடும்போது பின்னாடி இழுத்துட்டு வாரதுக்கு நல்லாருக்கும், பாருக்கு மேல கைத்தூண்டில்தான் ராசா.

ஒரு எடத்துல சாண் அளவு களவாக் குட்டியா வந்துச்சு, ரெண்டு மூணு வந்த உடனே நங்கூரத்த தூக்கச் சொல்லிட்டாரு பெரியவர். எங்க பய ஒருத்தன் ‘திருப்பி விட்டுட்டா போச்சு’ன்னான். அவ்வளவு ஆழத்துலேருந்து சடார்னு இழுத்தா உள்ள காத்துப்பை ஊதி இரைப்பை வாய் வழியா தள்ளிரும், திருப்பி விட்டாலும் முங்க முடியாம மிதந்து பருந்துக்குத்தான் போவும்னு சொன்னாரு. கடல் அட்டை, கடல்குதிரை கண்ணுல பட்டாக்கூட தொட விட மாட்டாரு, வனவிலங்கு சட்டம், வள்ளத்தோட தூக்கிருவாவ. இன்னொன்னு, தூத்துக்குடி பக்கம் சிலபேரு ‘வான்தீவுல இறக்கி விடுதோம்’னு கூப்பிடுதாவ, போயிராதீங்க. அது 1986லேருந்து மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, 21 தீவுல எதுலயும் வனத்துறை அனுமதி இல்லாம கால் வைக்கக் கூடாது.

மீனு யாருக்கு? இதுலதான் எங்களுக்குள்ள சண்டை. நாம பிடிச்சது நமக்கு, அதுல பேச்சே இல்ல. ஆனா அவங்களும் ரெண்டு தூண்டில் போட்டுத்தான் வாராவ, அதுல விழுறது அவங்களுக்கு. திரும்பி வரும்போது பின்னாடி இழுத்துட்டு வந்த அவங்க தூண்டில்ல நாலு கிலோ இருக்கும், ஒரு நெய்மீன் அடிச்சுது. எங்க ஆளுக்கு மனசு ஆறல, ‘வள்ளத்துக்கு வாடகை நாமதான குடுத்துருக்கோம்’ங்கான். கரைக்கு வந்த உடனே ஏலத்துல போயிருச்சு அது, அவன் வீட்டுக்கு வந்து சேருற வர யார்ட்டயும் பேசல. என்னையக் கேட்டா அண்ணாச்சி பக்கம்தான் நியாயம், அவங்களுக்கு அன்னைக்கு தொழில் நாள், 6,000த்துல மண்ணெண்ணெய், இரை, பெரியவர் பங்கு எல்லாம் போக என்ன மிஞ்சும்? ஆனா ஏறுறதுக்கு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிருக்கணும். நீங்க கேட்டுக்கிடுங்க.

பாதுகாப்புக்கு மார்க் குறைக்கத்தான் செய்யணும். லைஃப் ஜாக்கெட் இருக்கு, ரெண்டுல கிளிப்பு போயி கயிறு வச்சு கட்டிருக்கு, சின்னப் பிள்ளைங்க சைஸ் இல்லவே இல்ல, அதனால பிள்ளைங்கள கூட்டிட்டுப் போகாதீங்க. முதலுதவிப் பெட்டியத் திறந்தா ஒரு காலி பஞ்சு கவர். கெளுத்தி முள்ளு ஒருத்தனுக்கு உள்ளங்கையில ஏறி துடிச்சுட்டான், நல்லவேளை டீ போட ஃபிளாஸ்க்ல சுடுதண்ணி இருந்துச்சு, பொறுக்குற சூட்டுல கைய முக்கி வச்சதும் கொஞ்சம் கொஞ்சமா கேட்டுச்சு. மீன் முள்ளு விஷத்துக்கு சூடுதான் முதல் வைத்தியம், கரைக்கு வந்து டாக்டர்ட்டயும் காட்டிருங்க. கோஸ்ட் கார்டு நம்பர் 1554, போன்ல போட்டு வச்சுக்கோங்க. மீன்பிடி வள்ளத்துல வெளியாள ஏத்த அனுமதி, இன்சூரன்ஸ் இதெல்லாம் எப்படின்னு கேட்டா அண்ணாச்சி சிரிக்காரு. அந்த சிரிப்பு எனக்குப் பிடிக்கல.

முழு நாள் ஏன் வேண்டாம்ங்கேன்னா, பத்து பதினோரு மணிக்கு மேல கடக்காத்து ஏறிரும், வள்ளம் ஆட ஆரம்பிக்கும், மண்ணெண்ணெய் வாடை வேற, நங்கூரம் போட்டு நிக்கும்போதுதான் தல சுத்தும். வாந்தி வருதவங்க மாத்திரைய கிளம்பறதுக்கு அரை மணி முன்னாடியே போட்டுருங்க, வள்ளத்துல ஏறிட்டு போட்டா பிரயோஜனமில்ல. அமாவாசை, பௌர்ணமி ஒட்டி நீவாடு, அதான் கடல் நீரோட்டம், இழுக்கும், ஈயம் நிக்காதுன்னு பெரியவரே தேதி மாத்தச் சொல்லுவாரு, கேட்டுக்கோங்க.

கரையில அண்ணாச்சி வீட்டுலயே பொங்கித் தாராவ, ஆளுக்கு 200. நாம பிடிச்ச விளமீன், தேங்காயும் மாங்காயும் அரைச்சு வச்ச குழம்பு, சுடுசோறு. இதுக்கு அஞ்சுக்கு அஞ்சு, பேச்சே கிடையாது. பொம்பளைங்க வந்தா கடல்ல அந்த அஞ்சு மணி நேரமும் பாத்ரூமுக்கு வழியில்ல, அத முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க, கரையில அவங்க வீட்டுல விடுவாவ.

அடுத்து தாமிரபரணி கடல்ல சேருற புன்னக்காயல் பக்கம் கொடுவா மீனுக்குப் போவலாம்னு பேச்சு ஓடுது, போயிட்டு வந்தா எழுதுதேன். உவரிக்குப் போறவங்க புதன்கிழமையே சொல்லிருங்க, ஐஸ் பெட்டி நீங்களே கொண்டு போங்க, ஐஸ் அங்கயே கிடைக்கும், பெட்டிதான் கிடைக்காது.