ஐஇ3 மோட்டார் என்று சொல்லி என் தலையில் கட்டிய பழைய மோட்டார்

காங்கேயம் பக்கம் சின்னதாகத் தேங்காய் எண்ணெய் ஆலை வைத்திருக்கிறேன். கொப்பரையைப் பிழிகிற எக்ஸ்பெல்லருக்கு 10 எச்பி மோட்டார். பழசாகிவிட்டது, மாற்றலாம் என்று கோவையில் ஒரு கடைக்குப் போனேன். "ஐஇ3 போடுங்கண்ணா, கரண்ட் பில் முப்பது சதவீதம் குறையும்" என்றார் கடைக்காரர். அந்த இடத்திலேயே எழுந்து வந்திருக்க வேண்டும்.

ஐஇ என்பது மோட்டாரின் திறன் தரம், எண் கூடக் கூடக் கரண்ட் வீணாவது குறையும். 10 எச்பியில் சாதாரண ஐஇ1 மோட்டாரின் திறன், அதாவது இழுக்கிற கரண்டில் வேலையாக மாறுவது, 86 சதவீதம். ஐஇ3 என்றால் 90.4. செம்பு அதிகம், காயிலைச் சுற்றும் ஸ்டாம்பிங் என்கிற இரும்புத் தகடு அடுக்கு உயர்ந்த ரகம், அதனால் சூடாகப் போகிற கரண்ட் குறைவு. அவ்வளவுதான் வித்தியாசம். சாதாரண மோட்டாரில் வீணாவதே 14 சதவீதம் என்னும்போது 30 எங்கிருந்து மிச்சமாகும்? இந்தக் கணக்கு எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

"பில் வேண்டாம்னா 18 சதவீதம் ஜிஎஸ்டி மிச்சம்" என்றார். அதற்கும் தலையாட்டினேன். வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தார். பழைய மோட்டாரை 4,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். அதிலிருந்த செம்பை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சப் மீட்டரில் முன்பு பத்து மணி நேரத்துக்கு 80 யூனிட் ஓடும். புதுசு போட்ட பிறகு 83. மோட்டார் மேல் கை வைக்க முடியவில்லை, அப்படிச் சூடு. கடைக்குப் போன் போட்டால், "புது மோட்டார் செட் ஆக ஒரு மாசம் ஆகுங்க" என்று பதில். மோட்டார் என்ன மாட்டுவண்டிக் காளையா, பழகிக்கொள்ள?

எங்கள் ஊரில் காயில் கட்டும் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் முதலில் சாவியால் பாடியைச் சுரண்டினார். நீல பெயின்டுக்கு அடியில் பச்சை. நேம்பிளேட்டில் ஐஇ3 என்று இருக்கிறது, ஆனால் திறன் சதவீதம் போட வேண்டிய கட்டம் காலி. ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறது, லைசென்ஸ் எண் இல்லை. எண் இருந்திருந்தால் ஐஎஸ்ஐ முத்திரை தருகிற பிஐஎஸ் அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டு இரண்டு நிமிடத்தில் பார்த்திருக்கலாம்.

பிறகு கழற்றிக் காட்டினார். உள்ளே ஸ்டாம்பிங் கருகிக் கிடந்தது. பழைய காயிலை உருவுவதற்காக யாரோ நெருப்பு வைத்துக் காய்ச்சியிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் தகடுகளுக்கு நடுவே உள்ள இன்சுலேஷன் போய்விடும், காயில் எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் இரும்பே சூடாகிக் கரண்டைத் தின்னும் என்றார். கொப்பரை நிறுக்கும் தராசில் ஏற்றினோம். அதே ஃப்ரேம் (பாடி அளவு) ஐஇ3 மோட்டாருக்கு கேட்லாக்கில் போட்டிருக்கும் எடையைவிடப் பதினோரு கிலோ குறைவு.

கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "எங்க பில் இருக்குதுங்களா?" என்று நிதானமாகக் கேட்டார். நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்றால் அந்த வெள்ளைத் தாளில் கடைப் பெயர்கூட இல்லை.

இரண்டு மாதம் கழித்து, பில்லோடு, எடை பார்த்து, சரியான ஐஇ3 வாங்கிப் போட்டேன். பத்து மணி நேரத்துக்கு இப்போது 76 யூனிட். பழைய மோட்டாரைவிட ஒரு நாளைக்கு 4 யூனிட் மிச்சம், வருடத்துக்கு 300 நாள் ஓடினால் 1,200 யூனிட். நீலப் பெயின்ட் மோட்டார் குடோன் மூலையில் கிடக்கிறது. யார் வந்தாலும் சுரண்டிய இடத்தைக் காட்டுகிறேன்.