கொலம்போவில் எது உசத்தி: ஒயின் வியாபாரியா, போலீஸ் மேலதிகாரியா?

'கொலம்போ' என்ற பழைய அமெரிக்கத் துப்பறியும் டிவி தொடரின் ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால் எது சிறந்த எபிசோட் என்ற சண்டை எப்படியும் வரும். பெரும்பாலும் 1973-ல் வந்த 'எனி ஓல்ட் போர்ட் இன் எ ஸ்டார்ம்' பெயர்தான் முதலில் அடிபடும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, என் ஓட்டு 1974-ல் வந்த 'எ ஃப்ரெண்ட் இன் டீட்'டுக்குத்தான். (முடிவையெல்லாம் போட்டு உடைக்கப் போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.)

இந்தத் தொடரில் கொலையாளி யார் என்று தொடக்கத்திலேயே காட்டிவிடுவார்கள். போலீஸ் துப்பறிவாளர் கொலம்போவாக நடிக்கும் பீட்டர் ஃபாக் அந்தக் கசங்கிய மழைக்கோட்டோடு வந்து அவனை எப்படி மடக்கப் போகிறார் என்பது மட்டும்தான் பாக்கி. அதனால் மடக்கும் இடம் சொதப்பினால் மற்றது எவ்வளவு நன்றாக இருந்தாலும் எனக்கு மனசு ஒட்டாது. ஸ்பீல்பெர்க் இருபத்து நாலு வயதில் இயக்கிய 'மர்டர் பை த புக்' (1971) இதற்குச் சரியான உதாரணம். பின்னணி இசையே இல்லாமல் டைப்ரைட்டர் சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்குகிற அந்த முதல் காட்சிக்கு இன்றைக்கும் கைதட்டலாம். ஆனால் கடைசியில் இறந்தவரின் பழைய குறிப்பு ஒன்றை நீட்டியதும் கொலையாளியாக வரும் ஜாக் காசிடி மாதிரி ஒரு எமகாதகன் உடனே ஒப்புக்கொள்கிறான் என்றால் எப்படி?

சரி, ஒயின் கதைக்கு வருவோம். ஏட்ரியன் கார்சினியாக டொனால்ட் பிளெசன்ஸ். ஒயின் தோட்டத்தை விற்கப்போகிறேன் என்ற தம்பியை அடித்துக் கட்டி, ஒயின் அறையில் போட்டு, குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு நியூயார்க் போய்விடுகிறான். அந்த நாட்களில் ஊரில் கடும் வெயில், உள்ளே இருந்த ஒயின் அத்தனையும் கெட்டுப்போகிறது. கொலம்போ அதிலிருந்தே ஒரு பாட்டிலைச் சத்தமில்லாமல் எடுத்துவந்து ஓட்டலில் அவனுக்கே ஊற்ற வைக்கிறார். ஒரு வாய் குடித்ததும் இது சூட்டில் கெட்ட சரக்கு என்று கார்சினி கத்துகிறான். தன் நாக்கே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது! கடைசியில் காருக்குள் இருவரும் ஒயின் குடிக்கும் காட்சியை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம், அதை நான் மறுக்கவே மாட்டேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்த பாட்டிலை போலீஸ்காரரே வாரண்ட் இல்லாமல் தூக்கிவந்தது. ஒயின் கெட்டதால் அறை சூடாக இருந்தது தெரியும், அவ்வளவுதான். அவன்தான் கொன்றான் என்று அதை வைத்து எந்தக் கோர்ட்டில் நிரூபிப்பது? உண்மை தெரிந்த செக்ரட்டரி தன்னைக் கல்யாணம் செய்துகொள் என்று நெருக்குவதால் சிறையே மேல் என்று அவன் தானாக முடிவெடுக்கிறான், அதனால் கதை முடிகிறது. மனசைத் தொடுகிற முடிவுதான். துப்பறிந்து பிடித்தது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

'எ ஃப்ரெண்ட் இன் டீட்'டில் எதிராளி கொலம்போவின் மேலதிகாரி, டெபுடி கமிஷனர் ஹால்பரின் (ரிச்சர்ட் கைலி). பக்கத்து வீட்டுக்காரன் மனைவியைக் கொன்றுவிட்டு ஓடிவர, இவர் அதைத் திருடன் செய்த கொலை மாதிரி ஜோடித்துக் காப்பாற்றுகிறார், அப்புறம் அந்த உதவிக்குக் கூலியாக அவனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு தன் மனைவியைக் கொல்கிறார். கொலம்போவின் அசட்டு வேஷம் இங்கே பலிக்காது, ஏனென்றால் விசாரணையை எந்தப் பக்கம் திருப்புவது என்று உத்தரவு போடுகிறவரே கொலையாளி. அவருக்கு வைக்கும் பொறியும் அவர் பாணியிலேயே இருக்கிறது: திருடனின் ஃபைலில் கொலம்போ வேறு விலாசம் எழுதி வைக்கிறார், ஹால்பரின் அங்கே நகைகளை ஒளித்து வைத்துவிட்டுப் படையோடு சோதனைக்கு வருகிறார், பார்த்தால் அது கொலம்போவே வாடகைக்கு எடுத்த வீடு. அந்த விலாசத்தைத் திருடனோடு முடிச்சுப் போட அந்த ஃபைலைப் பார்த்தவரால்தான் முடியும். வக்கீல் தலைகீழாக நின்றாலும் இதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியாது. தோற்றிருந்தால் கொலம்போவின் வேலையே போயிருக்கும் என்பதால் வரும் படபடப்பு ஒயின் கதையில் கொஞ்சம்கூடக் கிடையாது.

இந்த இரண்டுக்கும் நடுவில் 'நெகடிவ் ரியாக்‌ஷன்' (1974) கட்சிக்காரர்களும் உண்டு. வரிசையாக இருக்கும் கேமராக்களில் கொலைக்குச் சம்பந்தப்பட்டதை கொலையாளியாக வரும் டிக் வான் டைக் தானே போய் எடுக்கிறாரே, அந்த நொடி அபாரம். வீடற்றவர்களுக்குச் சாப்பாடு போடும் இல்லத்துக் கன்னியாஸ்திரி கொலம்போவைப் போக்கிடம் இல்லாதவர் என்று நினைத்துச் சாப்பாடு போடும் காட்சி சிரிப்புக்கு உத்தரவாதம். ஆனாலும் பொய்யான போட்டோவைக் காட்டி உசுப்பிவிட்டுத்தான் அவரை அங்கே வரவைக்கிறார்கள், அதனால் எனக்கு இது ஒரு படி கீழேதான்.

கடைசி ஒரு நொடியை மட்டும் வைத்துப் போட்டி என்றால் நான் கட்சி மாறிவிடுவேன். 'சூட்டபிள் ஃபார் ஃப்ரேமிங்'கில் (1971) ஓவியங்களில் இருக்கும் கைரேகை கொலம்போவுடையது என்றதும், இப்போதுதான் தொட்டிருப்பீர்கள் என்று கொலையாளியாக வரும் ராஸ் மார்ட்டின் துள்ளுகிறார். பாக்கெட்டிலிருந்து கொலம்போவின் கைகள் மெதுவாக வெளியே வருகின்றன. இரண்டிலும் கையுறை. ஒரு வசனம் இல்லை, படம் அப்படியே நின்றுவிடுகிறது.