பழைய மாஸி 1035 டிராக்டருக்கு ரெடிமேட் ஒயரிங் செட்: வாங்கலாம், அப்படியே மாட்டக் கூடாது

ஹெட்லைட் மங்கல், இண்டிகேட்டர் போட்டால் டேஷ் லைட்டும் சேர்ந்து துடிக்கிறது என்றதும் பலரும் ஓடிப்போய் வாங்குவது இந்த செட்டைத்தான். கம்பெனிப் பேர் இல்லாமல் பாலிதீன் பையில் ஸ்பேர்ஸ் கடைகளில் தொங்கும் சரக்கு.

அவசரப்பட வேண்டாம். இப்படித் துடிப்பது பெரும்பாலும் எர்த் (பேட்டரி நெகட்டிவை வண்டி பாடியோடு சேர்க்கும் இணைப்பு) கோளாறு. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும், மறுமுனையை இன்ஜின் பாடியிலும் வைத்து செல்ஃப் அடித்துப் பாருங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளைக் கழற்றி, லக் (கம்பி முனையில் நசுக்கி மாட்டும் உலோக முனை) உட்காரும் இடத்தில் பெயின்ட், துரு போக உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஸ்டார் வாஷர் வைத்து முறுக்குங்கள். பாதி வண்டிகளில் வேலை இதோடு முடிந்துவிடும், செட்டே தேவைப்படாது.

எலி கடித்து, ஒட்டு மேல் ஒட்டுப் போட்ட வண்டிக்கு செட் வாங்குவது நியாயம். கலர் ஒழுங்கு, நீளம், ஸ்லீவ் மூன்றும் குறை சொல்ல முடியாது. கம்பியின் கனத்தில்தான் கை வைத்திருக்கிறார்கள். 55 வாட் பல்பு இரண்டு எரிந்தால் ஒன்பது ஆம்பியர் ஓடும். அதற்குக் கொடுத்திருப்பது 0.75 ஸ்கொயர் எம்எம். மூன்று மீட்டர் போவதற்குள் அரை வோல்ட்டுக்கு மேல் தின்றுவிடும். அந்த லைனை மட்டும் 2.5-ஆக மாற்றி, ஹெட்லைட் ஒவ்வொன்றுக்கும் தனி எர்த் இழுங்கள். லக்குகளில் சில, செம்பைப் பிடிக்காமல் மேல் பிளாஸ்டிக்கைப் பிடித்து நசுக்கியிருக்கின்றன. ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து, கழன்று வருவதைப் புதிதாக அடியுங்கள்.

மெயின் பியூஸ் செட்டில் இல்லை. பேட்டரிக்கு அருகிலேயே ஒன்று போட்டுவிடுங்கள். டீசல் டேங்குக்குக் கீழே ஓடும் ஒயருக்கு அது கட்டாயம். டேஷ்போர்டு துளையில் ரப்பர் வளையம் வையுங்கள், சைலன்சர் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

மாட்டிய பின் அரை ஆக்சிலரேட்டரில் பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வர வேண்டும். வரவில்லையென்றால் ஆல்டர்னேட்டரைக் கழற்றுமுன் சார்ஜிங் பல்பைப் பாருங்கள். சாவி போட்டதும் அது எரியாவிட்டால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் எடுக்கத் தொடங்காமல் போகலாம். ஒரு பல்பில் போக வேண்டியதற்கு ஆல்டர்னேட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ ஓடும் வண்டிக்கு இந்த செட்டை வாங்காதீர்கள். டைனமோவை பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் கட்-அவுட் பெட்டிக்குப் போகிற லைன்கள் இதில் கிடையாது.